அணைக்கட்டுக்குக் கீழே நுரைக்கும் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் கூட்டமாக ஆற்றில் போவது), கயாக்கிங் (குறுகிய சிறு படகில் துடுப்பு போட்டுப் போவது) பற்றிய கேள்விகளை இந்த இதழுக்கு அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து. ‘எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும்’ என்ற வரி பல கடிதங்களில் இருக்கிறது. அந்த வரியை மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறோம்.

பாபநாசத்தில் ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. ரிஷிகேஷ் மாதிரி இங்கேயும் ராஃப்டிங் போகலாமே? நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ரப்பர் படகு வாங்கி, ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கூடும்போது பாபநாசத்திலிருந்து சேரன்மகாதேவி வரை போகலாம் என்றிருக்கிறோம்.
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

தயவுசெய்து போகாதீர்கள். ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறோம்.

வெள்ளை நீர், அதாவது நுரைத்துப் பாயும் ஆற்றில், படகோட்டத்துக்கு மூன்று வேண்டும்: ஆற்றுப்படுகையில் சரிவு, போதிய நீர், நீரைத் தடுத்துத் திருப்பும் பாறைகள். தாமிரபரணியில் இவை மூன்றும் சேர்ந்திருப்பது பாபநாசத்துக்கு மேலே. அது 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அனுமதியின்றி அங்கே ஆற்றில் இறங்க முடியாது. காரையாறு அணை நீரில் முதலைகளும் உண்டு. மலையை விட்டு இறங்கியதும் ஆறு சமவெளிக்கு வந்துவிடுகிறது, சரிவு குறைந்துபோகிறது. அதற்குப் பிறகு இருப்பவை அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நீங்கள் போக நினைக்கும் வழியில் இவற்றில் குறைந்தது மூன்றாவது குறுக்கே வரும்.

உலகம் முழுவதும் ஆற்றுப் படகோட்டிகள் மிக அஞ்சுவது பெரிய அருவியை அல்ல, இந்த மாதிரிக் குட்டையான குறுக்குச் சுவரைத்தான். சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் நேராக அடிக்குப் போகிறது. அடியிலிருந்து சற்றுத் தள்ளி மேலே எழும்புகிறது. எழும்பிய நீரில் ஒரு பகுதி மேற்பரப்பு வழியாகச் சுவரை நோக்கியே திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கிய ஆள் சுவருக்கு இழுக்கப்பட்டு, விழும் நீரால் அமுக்கப்பட்டு, அடியில் உருண்டு, மறுபடி மேலே வந்து, மறுபடி சுவருக்கே போகிறார். நுரையில் பாதி காற்று. அதனால் மிதப்புத் திறன் குறைந்து, லைஃப் ஜாக்கெட் போட்டவரும் மூழ்குகிறார். கை வீசி நீந்தினாலும் நுரை பிடிமானம் தராது.

இயற்கையான பாறைக்குப் பின்னால் உண்டாகும் சுழலுக்குப் பக்கவாட்டில் வாசல் இருக்கும். ஓரமாக நகர்ந்து வெளியேறலாம். அணைக்கட்டின் கீழே சுழல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே சீராக நீண்டு, இரு முனையிலும் கட்டுமானத்தில் போய் முட்டுகிறது. வாசலே கிடையாது. சுவர் ஒரு மீட்டர் உயரம் இருந்தாலே இது நடக்கும். தண்ணீர் குறைவாக இருக்கையில் வெறும் கல்லும் கசிவுமாகத் தெரியும் அதே இடம், ஆற்று மட்டம் ஏறி கீழ்ப்பக்க நீரும் உயரும்போதுதான் கொல்லும் இடமாகிறது. அதாவது நீங்கள் போக நினைக்கும் ஐப்பசி, கார்த்திகையில்.

மேலிருந்து வரும் படகுக்கு இது எதுவும் தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்துபோனது போல இருக்கும், அவ்வளவுதான். இரைச்சல் காதில் விழும்போது தூரம் மிச்சமிருக்காது. அணைக்கட்டின் ஓரத்தில் கால்வாய்க்குத் தண்ணீர் பிரியும் தலைமதகு வேறு இருக்கிறது. திறந்த மதகின் இழுப்பில் மனிதர் கம்பியோடு ஒட்டிக்கொண்டால் மீட்பது மிகக் கடினம்.

இன்னொன்று. பாபநாசத்திலும் சேர்வலாற்றிலும் நீர்மின் நிலையங்கள் இயங்குகின்றன. மழை இல்லாத நாளிலும் திறந்துவிடும் நீரால் ஆற்று மட்டம் சட்டென மாறும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இந்த ஆற்றின் வேகத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. கலங்கல் நீரில் அடித்துவரும் மரங்களைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

லாரி ட்யூபைக் கட்டித் தெப்பமாக்கிப் போகலாமா? பரிசல் போதாதா?
– வாசகர், முக்கூடல்

அசையாத குளத்துக்குச் சரி, பாறை ஆற்றுக்கு ஆகாது. ட்யூபுக்கு ஒரே காற்றறை. ஒரு கல் கிழித்தால் முடிந்தது. ராஃப்டின் சுற்றுக்குழாய் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; குறுக்குக் குழாய்கள் தனி. அடித்தளத்தின் ஓரத் துளைகள் வழியாக உள்ளே ஏறிய தண்ணீர் தானாக வடியும். பரிசலில் ஏறிய தண்ணீர் ஏறியதுதான். ட்யூபைச் சுற்றிக் கட்டிய கயிறு கால், கழுத்தில் மாட்டும் என்பது எல்லாவற்றையும்விட மோசம். ஆற்றில் தளர்ந்த கயிறு எதுவும் கூடாது.

விளம்பரங்களில் ‘கிரேடு 3’, ‘கிரேடு 4’ என்று போடுகிறார்களே, யார் தரும் மார்க் அது?
– வாசகர், தென்காசி

ஆற்றின் கடினத்தைச் சொல்லும், ஒன்று முதல் ஆறு வரையிலான சர்வதேச அளவுகோல். 1 என்றால் சிற்றலை. 2-ல் வழி நேராகத் தெரியும். 3-ல் ஒழுங்கற்ற அலைகள், படகைத் திருப்பிச் செலுத்த வேண்டிய இடங்கள். 4-ல் வலுவான சுழல்கள், தவறினால் காயம், கரையில் இறங்கி முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். 5 அனுபவசாலிகளுக்கு மட்டும். 6 உயிரைப் பணயம் வைப்பது. ரிஷிகேஷில் புதியவர்களை அழைத்துப்போகும் சிவபுரிப் பகுதி, ஏறத்தாழ 16 கி.மீ., பெரும்பாலும் 3 வரைதான். இன்னும் மேலே பியாசி அருகே ‘தி வால்’ என்ற இடம் 4.

எண்ணை மட்டும் நம்பக்கூடாது. ஆற்று மட்டம் ஏறினால் அதே இடம் ஒரு படி கூடும். சில இடங்களில் பாறை மூழ்கி எளிதாவதும் உண்டு. குளிர்ந்த நீர், சாலையிலிருந்து தொலைவு, ஒரு ரேபிட் (பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் பகுதி) முடிந்து அடுத்தது தொடங்குமுன் அமைதியான நீர் இருக்கிறதா என்பதெல்லாம் எண்ணில் அடங்காது. கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை கிரேடு’ அல்ல; ‘இன்றைய தண்ணீரில் விழுந்தவர் எங்கே போய்ச் சேருவார்’ என்பதுதான்.

என் மகன் கல்லூரி நண்பர்களோடு ரிஷிகேஷ் போகிறான். குறுக்குத்துறையில் அக்கரைக்கு நீந்தி வருகிற பிள்ளை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவனிடம் என்னென்ன சொல்லி அனுப்ப?
– வாசகி, திருநெல்வேலி டவுன்

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஆனால் பயப்படத் தேவையில்லை. அவர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லி அனுப்புங்கள்.

எந்த மாதம் என்று பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் கங்கையில் மழைவெள்ளம்; அங்கே அப்போது ராஃப்டிங் நிறுத்தப்படும். அந்தச் சமயத்தில் யாராவது ‘நாங்கள் கூட்டிப்போகிறோம்’ என்றால் அவரோடு போகக்கூடாது. மற்ற மாதங்களிலும் அது பனி உருகி வரும் நீர். கரையில் வெயில் கொளுத்தினாலும் விழுந்த கணத்தில் மூச்சு தன்னால் இழுக்கும். அந்த இழுப்பில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் புரையேறும். குறுக்குத்துறையில் இந்த அனுபவம் கிடைக்காது.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, பட்டைகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இறுக்கச் சொல்லுங்கள். பிறகு நண்பர் ஒருவர் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வு, அல்லது அளவு பெரியது. மாற்றிக் கேட்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம். மூச்சு முட்டுகிறதே என்று நடுவழியில் பட்டையைத் தளர்த்தும் பழக்கம்தான் பல விபத்துகளின் தொடக்கம். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். பின்னால் தள்ளிப் போடுவதில் பயனில்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். செருப்பு வேண்டாம், பட்டை கட்டிய செருப்போ ஷூவோ போடலாம். கண்ணாடி போடுகிறவர் என்றால் பின்னால் கயிறு கட்டட்டும். மோதிரம், கழுத்துச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் வழிகாட்டியிடம் மறைக்கக் கூடாது. முந்தின இரவின் மதுவும் இதில் சேர்த்தி.

புறப்படுமுன் வழிகாட்டி கரையிலேயே கட்டளைகளைச் சொல்லி, அமைதியான நீரில் ஒருமுறை செய்தும் பார்க்கச் சொல்வார். சொல்லாவிட்டால் அந்தப் படகில் ஏற வேண்டாம். கூடவே ஒரு பாதுகாப்புக் கயாக் வருகிறதா என்று பார்க்கட்டும். விழுந்தவரை முதலில் எட்டுவது அதுதான். படகில் உட்காரும்போது ஒரு பாதம் குறுக்குக் குழாயின் அடியில் செருகியிருக்க வேண்டும். துடுப்பின் ‘T’ பிடியை விட்டுக் கை ஒரு கணமும் எடுக்கக்கூடாது. படகு குலுங்கும்போது அந்தப் பிடிதான் பக்கத்திலிருப்பவர் பல்லை உடைக்கும். ராஃப்டிங்கில் சர்வசாதாரணமான காயம் அது. பயத்தில் துடுப்பு போடுவதை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. நீரில் ஊன்றிய துடுப்பே ஒரு பிடிமானம். அது இருக்கும் வரை ஆள் விழுவது அரிது.

படகிலிருந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது? கால் தரையில் பட்டதும் எழுந்து நின்றுவிடலாம்தானே?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

நிற்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் உடல்மேல் அதன் தள்ளல் நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள வேகமான நீரில் எழுந்து நின்றால், பாதம் இரு கல்லிடையே செருகும். உடல் முன்னே சாயும். பின்னாலிருந்து வரும் நீர் முதுகை அமுக்கிக்கொண்டே இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில், கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், நல்ல நீச்சல்காரர்கள் இறந்துபோவது இப்படித்தான். ஆகவே நீர் வேகம் தணிந்து, உடல் மணலில் உரசும் வரை மிதந்தே போங்கள்.

மிதக்கும் முறை: மல்லாந்து, பாதங்கள் நீர் ஓடும் திசையில் முன்னால், கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய, முழங்கால் லேசாக மடக்கி. பாறை வந்தால் பாதம் முதலில் படும். இடுப்பைத் தூக்கி வையுங்கள்; தொங்கினால் முதுகெலும்பின் அடி அடிபடும். அலையின் முகட்டில் வாயை மூடி, அடுத்த பள்ளத்தில் மூச்சு விடுங்கள். படகு பக்கத்தில் இருந்தால் அதன் ஓரக் கயிற்றைப் பிடியுங்கள். ஆனால் படகுக்கு மேல்நீர்ப் பக்கம், அதாவது நீர் வரும் பக்கம், இருங்கள். பாறைக்கும் படகுக்கும் நடுவில் மாட்டக்கூடாது.

இந்த மல்லாந்த நிலையிலேயே ஆறு முழுக்கப் போக வேண்டும் என்பதில்லை. அது காத்துக்கொள்ளும் நிலை மட்டும். கரையொதுங்கும் வாய்ப்புத் தெரிந்ததும் குப்புறத் திரும்பி, நீரோட்டத்துக்கு 45 பாகை சாய்வாக, முழு பலத்தோடு நீந்த வேண்டும். இலக்கு கரை அல்ல. பெரிய பாறைக்குப் பின்னாலோ வளைவின் உட்புறத்திலோ நீர் மேல்நீர்ப் பக்கமாகத் திரும்பிச் சுற்றும் இடம்; அதற்குப் பெயர் எடி. அதன் எல்லைக் கோட்டை வேகமாக வெட்டிக் கடக்க வேண்டும். மெதுவாகப் போனால் கோடே உங்களை வெளியே தள்ளிவிடும்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு: மரம். நீரில் சாய்ந்த மரத்தின் கிளைகள் வழியே தண்ணீர் புகுந்து போய்விடும், மனிதர் போக முடியாது. அங்கே காலை முன்னால் நீட்டினால் கிளைக்கு அடியில் இழுத்துவிடும். விலகிப் போகத்தான் முதல் முயற்சி. விலகவே முடியாது என்று தெரிந்தால் குப்புறத் திரும்பி, தலை முன்னாக, மரத்தை நோக்கியே வேகமாக நீந்தி, கடைசிக் கணத்தில் கையை ஊன்றி உடலை மேலே ஏற்றிவிடுங்கள். பனைத்துண்டும் வாழைக்கூட்டமும் அடித்துவரும் நம் ஊர் வெள்ளத்தில், படகே இல்லாமல் தவறி விழுந்தவருக்கும் இது பொருந்தும்.

‘ஹை சைடு’ என்று வழிகாட்டி கத்தினால் எந்தப் பக்கம் சாய வேண்டும்?
– வாசகர், ஆழ்வார்குறிச்சி

பாறை இருக்கும் பக்கம். படகு பக்கவாட்டில் பாறையில் மோதும்போது எல்லோரும் பயத்தில் பாறையை விட்டு விலகிச் சாய்வார்கள். அப்போது மேல்நீர்ப் பக்கக் குழாய் அமிழ்ந்து, தண்ணீர் உள்ளே ஏறி, படகு பாறையைச் சுற்றி மடங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு கயிறும் கப்பியும் இல்லாமல் எடுக்க முடியாது. கட்டளை கேட்ட நொடியே பாறைப் பக்கக் குழாய்மேல் எல்லோரும் பாய வேண்டும்.

மணப்பாட்டுப் பக்கம் கடல் கயாக் ஓட்டியிருக்கிறேன். வெள்ளை நீர் கயாக் பழக வேண்டும். எந்தப் படகு வாங்கலாம், எங்கே கற்கலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். கடல் கயாக் நேராக ஓடுவதற்காக 14 முதல் 17 அடி வரை நீளமாகச் செய்யப்படுவது. வெள்ளை நீர் கயாக் 8, 9 அடிதான். உடனே திரும்ப வேண்டும் என்பதால் அடிப்பகுதி வாழைக்காய் போல இரு முனையிலும் மேலே வளைந்திருக்கும். முதல் நாள் அது நேராகவே போகாது, சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் கடல் அனுபவத்தில் இங்கே உதவுவது உடலைத் திருப்பித் துடுப்பு போடும் பழக்கம். துடுப்பும் குட்டை, 190 முதல் 200 செ.மீ. வரை.

முதல் பாடம் ஓட்டுவதல்ல, வெளியே வருவது. இடுப்பில் மாட்டி, உட்காரும் துளையின் விளிம்பில் பொருத்தும் உறைக்கு ஸ்ப்ரே ஸ்கர்ட் என்று பெயர். அதன் முன்னால் ஒரு இழுப்பு வளையம் இருக்கும். அது உறைக்கு அடியில் மடங்கிக் கிடந்தால் தலைகீழாகத் தொங்கும்போது கையில் அகப்படாது. ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்த பிறகே நீரில் இறங்குங்கள். கவிழ்ந்ததும் முன்னால் குனிந்து மூக்கைப் படகின் மேல்தட்டுக்கு அருகில் கொண்டுபோங்கள். பாறை முகத்தில் படாது. இரு கையையும் விளிம்போடு முன்னே நகர்த்தி வளையத்தைப் பிடித்து, முதலில் முன்னால் தள்ளி, பிறகு மேலே இழுங்கள். வெறுமனே மேலே இழுத்தால் சில உறைகள் கழலாது. பின் கைகளை இடுப்பருகே விளிம்பில் ஊன்றி, முன்பக்கமாக உருண்டு கால்களை வெளியே எடுங்கள். மார்பளவு நீச்சல்குளத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க, பதற்றம் போகும் வரை இதையே செய்யுங்கள்.

அடுத்தது ரோல், அதாவது வெளியே வராமலே படகை நிமிர்த்துவது. வருவதற்குள் பலர் சோர்ந்துவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மூச்சுக்கு ஆசைப்பட்டுத் தலையை முதலில் தூக்குவது. தலை ஏறத்தாழ 5 கிலோ. அதைத் தூக்கியதும் எதிர்ப்பக்க முழங்கால் தன்னால் அழுத்தி, நிமிரப்போன படகைத் திரும்பக் கவிழ்த்துவிடும். படகை நிமிர்த்துவது இடுப்பும் முழங்காலும். கைத் துடுப்பு தாங்கல் மட்டுமே. தலை எல்லாவற்றுக்கும் கடைசியாக, துடுப்பின் அலகைப் பார்த்தபடியே வர வேண்டும். கையால் அமுக்கி எழுந்தால் தோள்மூட்டு விலகும். எந்த நிலையிலும் முழங்கை தோளுக்கு மேலே போகாமல், உடலுக்கு முன்னாலேயே இருக்கட்டும்.

ரோல் வந்த பிறகு எளிய ஓட்டத்தில் எடிக்குள் நுழைவது, வெளியேறுவது, நீரோட்டத்தைக் குறுக்கே கடப்பது. எடியிலிருந்து வெளியே வரும்போது படகைக் கீழ்நீர்ப் பக்கம் சாய்க்க வேண்டும். நேராக வைத்தால் வரும் நீர் மேல்நீர் ஓரத்தின்மேல் ஏறிக் கவிழ்த்துவிடும். புதியவர்கள் கவிழ்வதில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான். மேலிருந்து பார்க்கையில் ‘V’ வடிவம் கீழ்நோக்கிக் குவிந்தால் அது வழி; கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் அங்கே பாறை.

கற்க ரிஷிகேஷில் கயாக் பள்ளிகள் உண்டு. நமக்குப் பக்கம் என்றால் கோழிக்கோடு மாவட்டத்தின் துஷாரகிரி. சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா ஆறுகளில் தென்மேற்குப் பருவமழையில் கயாக் விழாவே நடக்கிறது. ஆனால் அவை செங்குத்தான பாறை ஆறுகள். ரோல் நிச்சயமாக வரும் வரை பார்வையாளராகப் போங்கள். தண்டேலியின் காளி ஆறு, குடகின் பரப்போளே இரண்டிலும் ராஃப்டிங் நடக்கிறது. முன்னதில் மேலே உள்ள சூபா அணை திறப்பைப் பொறுத்தும், பின்னதில் மழையைப் பொறுத்தும் நீர் அமையும். படகில் ஏறுமுன் பின்முனையின் வடிகால் மூடி திருகியிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

எங்கள் ஊர்ப் படித்துறைக்கு மேலே அணைக்கட்டு. வருடா வருடம் வெளியூர்ப் பிள்ளைகள் அதில் மாட்டுகிறார்கள். கரையில் நிற்கிற நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகர், சுத்தமல்லி

குதிக்காதீர்கள். சுழலில் ஒருவர் இருந்தால் அடுத்தவரும் அதே சுழலுக்குத்தான் போவார். கரையிலிருந்து கயிறு வீசுவதுதான் வழி. இதற்கு ஆற்று மீட்பில் பயன்படும் எறிபையை நீங்களே செய்யலாம். 15 முதல் 20 மீட்டர் பாலிப்ரோப்பிலீன் கயிறு, 8 முதல் 10 மி.மீ. தடிமன். ஹார்டுவேர் கடையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் அதுதான். நைலான் மூழ்கும், வேண்டாம். கெட்டித் துணிப்பையின் அடியில் துளையிட்டு ஒரு முனையை முடிச்சுப் போடுங்கள். பையின் அடியில் கை அகலத் தெர்மோகோல் துண்டு வையுங்கள். மீதிக் கயிற்றைச் சுற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திணியுங்கள். சுருட்டி வைத்தால் வீசும்போது சிக்கும்.

கயிற்றின் வெளிமுனையை ஒரு கையில் பிடித்து, ‘கயிறு!’ என்று உரக்கக் கத்தி, அவர் திரும்பிப் பார்த்ததும் பையை அவர் தலைக்கு மேலே தாண்டிப் போகும்படி வீசுங்கள். கயிறு அவர் தோளில் விழ வேண்டும், பை அல்ல. கயிற்றைக் கையில் சுற்றவோ இடுப்பில் கட்டவோ கூடாது. இழுப்பு வந்தால் நீங்களும் போவீர்கள். உட்கார்ந்து, காலைப் பாறையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொருவர் உங்கள் தோளைப் பிடிக்கட்டும். ஓடும் நீரில் போகிறவர் என்றால் அவர் மல்லாந்து, கயிற்றை மார்போடு இரு கையாலும் பிடித்து, உங்கள் கரைக்கு எதிர்ப்புறத் தோள் வழியாக விட வேண்டும். அப்போது நீரோட்டமே அவரை வளைத்துக் கரையில் சேர்க்கும். நீங்கள் இழுக்கவும் வேண்டியதில்லை. அணைக்கட்டுச் சுழலில் இருப்பவரைக் கீழ்நீர்ப் பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும்; சுவருக்கு நேராக நின்று இழுத்தால் வராது. கயிறு இல்லாத நேரத்தில் மூடியிட்ட காலி எண்ணெய்க் கேன், லாரி ட்யூப், நீண்ட மூங்கில், எது கைக்கு வந்தாலும் நீட்டுங்கள். அதற்குள் ஒருவர் 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ பேசட்டும்.

பையைக் கோயில் அறையில் பூட்டி வைக்காதீர்கள். படித்துறையின் மேல்படி அருகே, சாவி இல்லாமல் எடுக்கும்படி ஓர் ஆணியில் தொங்கட்டும். தை மாதம் ஆறு தெளிந்ததும் ஊர்ப் பிள்ளைகளைக் கரையில் நிற்க வைத்து, மிதக்கும் தேங்காய் நெற்று ஒன்றை இலக்காக விட்டு, வீசிப் பழகுங்கள். வெயிலில் கிடந்த கயிறு வெளுத்து, இழை பிரிந்து உதிரத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது கட்டுங்கள்.